ரசிகருக்கு வயதாகிறதா, இயக்குநருக்கா?

பெங்களூர் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பலவற்றுக்கும் ஒரே அடிநாதம்: ஒரு காலத்தில் உயிராக இருந்த இயக்குநர் இப்போது ஏன் ஒட்டாமல் போகிறார்? எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் மணிரத்னம் படம் என்றால் லாவண்யா தியேட்டர் வாசலில் முதல் ஆளாக நிற்பேன். சில வருடங்களாக அவர் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பார்க்கிங் டோக்கன் எங்கே என்பதுதான் முதல் யோசனை. மாறியது அவரா, நானா?
– அல்சூர் வாசகர்

பதில்: இரண்டு பேரையும் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் மூன்றாவதாக ஒருவரை விசாரிக்க வேண்டும்: உங்கள் ஞாபகம். உங்கள் மனசில் இருப்பது படம் மட்டுமல்ல. கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டு, கூட வந்த நண்பர்கள், இடைவேளை முட்டை பப்ஸ், அந்த வயது எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. அதோடு மல்லுக்கு நிறுத்தினால் எந்தப் புதுப் படமும் தோற்கும்.

அதனால் பழையதை ஞாபகத்திலிருந்து எடுக்காதீர்கள், திரையில் மறுபடி பாருங்கள். மூன்று படம் போதும்: ‘மௌன ராகம்’ (1986), ‘அலைபாயுதே’ (2000), ‘ஓ காதல் கண்மணி’ (2015). மூன்றுமே ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருப்பது என்கிற கதைதான். மூன்றுக்கும் ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். ஆக விஷயமும் கேமராவும் அப்படியே இருக்கின்றன. இசை இளையராஜாவிடமிருந்து ஏ.ஆர். ரஹ்மானுக்குப் போயிருக்கிறது; எடிட்டிங் லெனின்–விஜயனிடமிருந்து ஸ்ரீகர் பிரசாத்துக்கு. அவருக்கும் உங்களுக்கும் 29 வயது கூடியிருக்கிறது. மூன்று தனித்தனி படங்களை எடுத்து ஒப்பிட்டால் எது மாறியதால் எது மாறியது என்று பிடிபடாது. இப்படிப் பொதுவான அம்சம் இருக்கிற படங்களைப் பிடித்தால்தான் பிடிபடும்.

முழுப் படமும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதல் 20 நிமிடம், அப்புறம் ஜோடிக்குள் நடக்கும் ஒரு பெரிய சண்டை. ஒரே வாரத்தில், ஒரே டிவியில், தனியாக. கூட யாராவது இருந்தால் நீங்கள் படம் பார்க்க மாட்டீர்கள், படத்துக்கு வக்காலத்து வாங்குவீர்கள். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு சண்டைக் காட்சியில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு எத்தனை தாவல் என்று எண்ணுங்கள். யார் பேசாமல் இருக்கிறார், எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். கடைசியாக, மனசு யார் பக்கம் சாய்ந்தது என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் வெளிவரும். ‘மௌன ராகம்’ படத்தில் நீங்கள் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போலிருக்கிறது என்று திவ்யா கணவனிடம் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வயதில் அந்தக் காட்சி ரேவதியுடையது. கார்த்திக் எப்போது வருவார் என்றுதான் காத்திருந்திருப்பீர்கள். 45 வயதில் அதே காட்சி, குரல் உயர்த்தாமல் அதைக் கேட்டுக்கொள்ளும் மோகனுடையதாகிவிடும். 55-ல் பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கட்டிக்கொடுத்த அப்பா மீது கண் போகும். விவாகரத்துக்கு ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வது அன்றைக்குத் திரைக்கதைக்காகச் செய்த வசதி போலத் தோன்றியிருக்கும். திருமணமாகி ஒரு வருடம் ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது என்பது இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை, பார்க்கிறவர் மாறிவிட்டார்.

பழைய படம் வேறு இடத்தில் உங்களைத் தொட்டால், மாறியது நீங்கள். பழையது அதே இடத்தில் தொட்டு, புதியது எங்குமே தொடாவிட்டால் தாளில் எழுதிய வெட்டுகளையும் மௌனங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே அகப்படும். பழையதே தொடவில்லையா? அப்படியானால் நீங்கள் மணிரத்னம் ரசிகர் அல்ல, இளையராஜா ரசிகர். அதற்கும் ஒரு சோதனை உண்டு. பாட்டுகளைத் தாண்டிவிட்டுப் படத்தைப் பாருங்கள். ஆறு பாட்டு, ஒவ்வொன்றும் நாலரை நிமிடம் என்றால் 27 நிமிடம். 145 நிமிடப் படத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் நாலு பங்கும் இழுத்தால், உங்களை முதலில் இழுத்தது யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என் பையனுக்குக் காட்டலாம் என்று பழைய படம் ஒன்றை 55 இன்ச் டிவியில் போட்டேன். டிவி சீரியல் மாதிரி இருக்கிறது, பாட்டு வேறு ஏதோ வேகமாக ஓடுகிறது. ‘இதுக்கா இவ்வளவு பில்டப்’ என்கிறான். நம் கண்தான் மங்கிவிட்டதா?
– ஒயிட்ஃபீல்டு வாசகி

பதில்: கண் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. டிவியையும் பிரதியையும் சோதியுங்கள். இயக்குநர் மீது வரும் ஏமாற்றத்தில் கணிசமான பங்கு ரிமோட்டில் இருக்கிறது.

சீரியல் மாதிரி தெரிவதற்குக் காரணம் மோஷன் ஸ்மூதிங். படம் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தது. டிவி நடுவில் தானாகப் புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து சொருகி வழவழப்பாக்குகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர் இருக்கும். அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடு ‘விவிட்’ இருந்தால் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். விவிட் மோடு இருட்டைத் தூக்கி வெளுப்பாக்கும். ‘நாயகன்’ போன்ற படத்தில் முகத்தில் பாதியை இருட்டில் விட்டது வேண்டுமென்றே செய்தது. அந்த இருட்டு சாம்பல் நிறமானால் ஒளிப்பதிவாளர் செய்த வேலையே காணாமல் போகும். மாற்றிய முதல் பத்து நிமிடம் படம் மங்கலாக, மஞ்சளாகத் தெரியும். ரிமோட்டைக் கையில் எடுக்காமல் இருங்கள், கண் பழகிவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் பார்ப்பது உத்தமம்.

அடுத்தது சட்டகம். சினிமாஸ்கோப்பில் எடுத்த படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. இப்போதைய டிவி 1.78 மடங்கு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் திரை முழுக்க ஸ்கோப் படம் நிறைந்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட கால்வாசிப் படத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ஆள் குரலாக மட்டும் மிஞ்சுவார். இதற்கு நேர்மாறாகச் சதுரப் படத்தை இழுத்து அகலமாக்கியிருந்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரியும். சுவர்க் கடிகாரமோ கார் சக்கரமோ வரும் காட்சியில் நிறுத்தி, வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு வேகமாக ஓடுகிறது என்றீர்களே, உங்கள் காது கெட்டிக்காரக் காது. பழைய டிவி ஒளிபரப்புக்காக 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டிப் பதிவு செய்த பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன. படம் 4 சதவிகிதம் சுருங்கும். சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கண்டுபிடிக்க வழி படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சென்சார் சான்றிதழ் வரும்போது நிறுத்துங்கள். ஃபிலிம் காலத்துச் சான்றிதழில் நீளம் மீட்டரில் போட்டிருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்று இருந்தால் 146 நிமிடம் வர வேண்டும். உங்கள் பிரதி 140 நிமிடத்தில் முடிந்தால் வேகம் ஏற்றியது. 125-ல் முடிந்தால் காட்சியோ பாட்டோ போயிருக்கிறது. அப்படிப்பட்ட பிரதியைப் போட்டுக் காட்டிப் பையனிடம் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: நெஞ்சில் வைத்திருந்த இயக்குநரை விட்டு விலகுவது துரோகமா?
– விவேக் நகர் வாசகர்

பதில்: டிக்கெட் வாங்கிவிட்டீர்கள் அல்லவா? கணக்கு நேர். துரோகம் என்கிற சொல்லைத் தயாரிப்பாளர்களுக்கு விட்டுவைப்போம்.

கேள்வி: எழுத்தாளர் சுஜாதா போனதோடு மணிரத்னம் படத்தில் வசனம் போய்விட்டது என்கிறேன் நான். அலுவலகத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: ஜாலஹள்ளியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சுஜாதா உங்கள் ஊர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். ஆனால் உங்கள் வாதத்தில் பாதிதான் சரி.

டைட்டில் கார்டைப் பாருங்கள். ‘நாயகன்’ வசனம் பாலகுமாரன். ‘ரோஜா’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘ஆயுத எழுத்து’ சுஜாதா. ‘கடல்’, ‘பொன்னியின் செல்வன்’ ஜெயமோகன். சுஜாதா இறந்தது 2008 பிப்ரவரியில். இனி முக்கியமான இடம்: எல்லாரும் சுஜாதாவின் கைவண்ணம் என்று நினைக்கிற அந்தத் துண்டுதுண்டான பேச்சு, ‘மௌன ராகம்’ படத்திலேயே இருக்கிறது. அதற்கு அவர் எழுதவில்லை. சுருக்கம் இயக்குநருடையது. சுஜாதா கொடுத்தது வேறொன்று: சுருக்கத்துக்குள் ஒரு குறும்பும், பாத்திரத்துக்கு ஒரு தொழிலும் படிப்பும் இருக்கிற தோற்றமும். குறும்பை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வைத்தால் எல்லாப் பாத்திரமும் ஒரே ஆள் பேசுவது போலக் கேட்கும். நீங்கள் இழந்தது அதைத்தான்.

அலுவலகத்தில் வாதத்தை முடிக்க ஒரு வழி. 2004-க்கு முந்திய ஒரு படம், 2010-க்குப் பிந்திய ஒரு படம் எடுத்து, தலா ஐந்து நிமிடக் காட்சியின் வசனத்தை மட்டும் யார் பேசுகிறார் என்று போடாமல் எழுதிக் கொடுங்கள். படம் பார்க்காத ஒருவர் எந்த வரி எந்தப் பாத்திரம் என்று பிரித்துவிட்டால் வசனம் உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனையைப் ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் செய்யாதீர்கள். ராஜா, ஒற்றன், துறவி என்று பதவியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: 2025 ஜூனில் ‘தக் லைஃப்’ இங்கே வெளியாகவில்லை என்பதால் வண்டி கட்டிக்கொண்டு ஓசூர் போய்ப் பார்த்தோம். அலைந்த அலைச்சலுக்குப் படம் அப்படி ஒரு ஏமாற்றம். அலைச்சல்தான் படத்தைக் கெடுத்ததோ என்று இப்போது ஒரு சந்தேகம்.
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

பதில்: எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சுமார் 20 கிலோமீட்டர். படத்தின் பின்பாதிக்கு அத்திப்பள்ளி டோல் பொறுப்பாகாது.

ஆனாலும் சந்தேகம் நியாயமானது. செலவும் சிரமமும் கூடக் கூட எதிர்பார்ப்பு ஏறும். 1987-ல் ‘நாயகன்’ கொடுத்த மணிரத்னமும் கமல்ஹாசனும் மறுபடி சேர்கிறார்கள் என்ற சுமை வேறு. முதல் நாள் தீர்ப்பை நம்பாதீர்கள், ஆனால் பதிவு செய்யுங்கள். தியேட்டரை விட்டு வந்ததும், போனைத் திறந்து பிறர் சொன்னதைப் படிக்கும் முன், மூன்று வரி எழுதுங்கள்: எங்கே கடிகாரம் பார்த்தேன், எங்கே மூச்சை அடக்கினேன், எந்தப் பாத்திரத்தின் முடிவு எனக்கு நம்பும்படி இல்லை. ஒரு மாதம் கழித்து டிரெய்லரோ பாட்டோ பார்க்காமல் நினைவில் நிற்கும் காட்சிகளை எழுதுங்கள். பாட்டை விட்டு நாலு காட்சி வந்தால் மறுபடி பார்க்கலாம். ஒன்றோ இரண்டோ என்றால் விட்டுவிடலாம்.

இப்படிக் குறித்து வைப்பது எதிர்த் திசையிலும் உதவும். ‘இருவர்’ 1997-ல் ஓடவில்லை. அன்றைக்கு எல்லாரும் திரையில் தேடியது இதில் எம்.ஜி.ஆர். யார், கருணாநிதி யார் என்கிற ஒப்புமையை. அது சரியாகப் பொருந்தாத இடத்தில் எல்லாம் எரிச்சல். இன்று அந்தப் படத்தை அரசியல் விடுகதையாக யாரும் பார்ப்பதில்லை. வெட்டாமல் நீளும் காட்சிகளும், மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையும் முன்னால் வந்து நிற்கின்றன. அன்றைக்குத் திட்டிவிட்டு இன்றைக்கு ‘அப்பவே சொன்னேன்’ என்கிறவர்களிடம் ஒரு பழைய டைரி இருந்தால் நன்றாக இருக்கும்.

கேள்வி: நான் கே. பாலசந்தர் பைத்தியம். மகளுக்கு ‘சிந்து பைரவி’ போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ‘இவரையா முற்போக்குன்னு சொன்னீங்க?’ என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் படம் உறுத்துகிறது.
– ஃப்ரேசர் டவுன் வாசகி

பதில்: மகள் கேட்டது சரியான கேள்வி. அதற்காக நீங்கள் அலமாரியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

இப்படி உறுத்தும் படங்களுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியாக எடுத்து வரவு செலவு போட்டுப் பாருங்கள். யாருக்கு என்ன கிடைத்தது, யார் விலை கொடுத்தார்? 1985-ல் வந்த ‘சிந்து பைரவி’ முடியும்போது பாடகருக்கு சங்கீதம் திரும்பக் கிடைக்கிறது, வீடும் மனைவியும் இருக்கிறார்கள், குழந்தையும் வந்துவிடுகிறது. மனைவி பைரவிக்குக் குழந்தை. காதலி சிந்துவுக்கு? பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகும் பெருமை. செலவெல்லாம் ஒரே பக்கம். உங்கள் மகள் பார்த்தது இந்தக் கணக்கை. நீங்கள் அன்று பார்த்தது, மேடையில் பெரிய வித்வானை எழுந்து கேள்வி கேட்கிற ஒரு பெண்ணை. இரண்டும் அதே படத்தில் இருக்கின்றன. கேள்வி எழுப்புவதில் பாலசந்தருக்கு இருந்த துணிச்சல் முடித்து வைப்பதில் பல சமயம் இருந்ததில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

முடித்து வைக்காமல் விட்ட படத்தைக் காட்டுங்கள். ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) அப்படிப்பட்டது. சம்பாதிக்கும் பெண்ணின் தோளில் வீடு ஏறி உட்காருகிறது, படம் முடிந்தும் இறங்குவதில்லை. சமாதானம் எதுவும் சொல்லாததால் இன்றைக்கும் பழசாகவில்லை. மகள் பெங்களூரில் வளர்ந்தவள் என்றால் இதையே அவர் கன்னடத்தில் சுஹாசினியை வைத்து இயக்கிய ‘பெங்கியல்லி அரளித ஹூவு’ (1983) இன்னும் சுலபமாக உள்ளே போகும். படம் ஓடும்போது நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். முக்கியமான காட்சி வரும்போது அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

கேள்வி: ‘16 வயதினிலே’ பார்த்துப் பேரப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாரதிராஜாவை நினைத்து மனசு கஷ்டமாக இருக்கிறது.
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: அவர்கள் சிரிப்பது பாரதிராஜாவைப் பார்த்து அல்ல. பரட்டையையும் சப்பாணியையும் டிவி நகைச்சுவை நிகழ்ச்சிகள் எத்தனையோ தடவை மிமிக்ரி செய்துவிட்டன. நகல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூலம் நகலாகத் தெரிகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டுடியோவுக்குள் செட் போட்டு எடுத்த கிராமத்துப் படம் ஏதாவது ஒன்றில் பத்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். வரைந்த வானம், துடைத்து வைத்த குடிசை, பவுடர் பூசிய விவசாயி. உடனே ‘16 வயதினிலே’ படத்தின் முதல் பத்து நிமிடம். 1977-ல் தியேட்டரில் நடந்தது என்னவென்று சொல்லாமலே விளங்கும்.

இன்னொரு தூண்டிலும் இருக்கிறது. தமிழ்க் கிராமத்தின் முகம் என்று நாம் கொண்டாடுகிற அந்த ஊர், மைசூர், கொள்ளேகால் பக்கம் படமானது. பாரதிராஜா உதவி இயக்குநராகத் தொழில் பழகியது கன்னட இயக்குநர் புட்டண்ண கணகாலிடம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிப்பவர்கள் என்றால், புட்டண்ணாவின் படம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். பாட்டில் இயற்கையைப் படம் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்து அவர்களே ஒற்றுமையைச் சொல்வார்கள். கண்டுபிடிக்கிற வேலை கொடுத்தால் கேலி குறையும்.

கேள்வி: எனக்கு 22 வயது. மணிரத்னத்தை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்க வேண்டும். எங்கிருந்து?
– கோரமங்களா வாசகி

பதில்: ‘நாயகன்’ படத்திலிருந்து வேண்டாம். வசனம், காட்சி, முடிவு எல்லாம் காதில் விழுந்து மரத்துப் போயிருக்கும். வெளிவந்த வரிசையிலும் வேண்டாம், மூன்றாவது படத்தில் சலித்துவிடுவீர்கள். ‘அலைபாயுதே’, அதிலிருந்து பின்னால் போய் ‘மௌன ராகம்’, பிறகு ‘இருவர்’, அதற்கப்புறம் ‘நாயகன்’. வாரம் ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரே நாளில் இரண்டு பார்த்தால் மழை, ரயில், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் என்று திரும்பத் திரும்ப வருவதுதான் கண்ணில் படும். ஒரு வார இடைவெளியில் பாணியாகத் தெரிவது, ஒரு மணி நேர இடைவெளியில் தொட்டில் பழக்கமாகத் தெரியும். ஓடிடியில் மொத்தமாகப் பார்த்துத் தீர்ப்பவர்கள் ஓர் இயக்குநரைச் சீக்கிரம் வெறுப்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாவதாக அவருடைய முதல் படம். அது தமிழ் இல்லை, உங்கள் ஊர் மொழி: ‘பல்லவி அனுபல்லவி’ (1983). அனில் கபூர், லட்சுமி நடிப்பு, பாலு மகேந்திரா ஒளிப்பதிவு, இளையராஜா இசை, லெனின் எடிட்டிங். திரைக்கதைக்குக் கர்நாடக அரசின் விருது கிடைத்தது. கணவனைப் பிரிந்து மகனோடு இருக்கும் பெண்ணுக்கும் அவளைவிட இளையவன் ஒருவனுக்கும் நடுவில் வரும் நட்பு. அதை இவர்கள் என்னவென்று பெயரிடுவார்கள் என்று ஊர் காத்திருக்கிறது. கன்னடம் அரைகுறை என்றால் சப்டைட்டில் தேடி அலையாதீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் யாரையாவது காப்பிக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ‘நகுவ நயன’ பாட்டு வரும்போது மட்டும் அவரைப் பேசவிடாதீர்கள்.